மடியில் பிள்ளை கூடாது

"மடியில வச்சுக்கிட்டா வானமா இடிஞ்சு விழப்போகுது? ஒன்றரை கிலோமீட்டர்தான்டி!"

"அரை கிலோமீட்டரா இருந்தாலும் மடியில பிள்ளை கூடாது அத்தை. அப்பா காதுல விழுந்தா எழுந்து உட்காந்துடுவார்."

"உட்காரட்டுமே! எனக்கும் அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்க வேண்டியிருக்கு!"

வாசலில் அமரர் ஊர்தி காத்திருந்தது. மின்மயானத்தில் பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். நான்கு வாண்டுகள், காரில் இரண்டே குழந்தை இருக்கைகள். மகள் கார்ச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். தெருவே ஜன்னலில் தொங்கியது. துக்க வீட்டில் இவ்வளவு சுவாரசியம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்து, அப்படியே போய்விட்டவரைத் தெருவுக்கு 'டேப்பு மாமா' என்றுதான் தெரியும். கணினிக்குள் எலும்பும் சதையுமாகக் குழந்தைகளைக் கட்டி, காரில் உட்காரவைத்து, விபத்தில் எங்கே அடிபடும் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை மோதவிட்டுப் பார்ப்பது அவர் உத்தியோகம். 'பிள்ளைகளை இடித்துச் சம்பளம் வாங்குகிறார்' என்று பேசிய அதே வாய்கள்தான், அதற்காக அளவெடுக்க அவர் டேப்போடு வந்தால் தங்கள் பிள்ளையை முதலில் முன்னே தள்ளும். மற்றவர்கள் கட்டிய கணினிப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் புகைப்படம் மாதிரி விறைத்து உட்காரும். இவருடையது மட்டும் முதுகை வளைத்து, ஒரு காலை மடக்கி, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருக்கும். அது மகளின் உட்காரும் லட்சணம். "ஒழுங்கா உட்காருடி" என்று அத்தை அவள் முதுகில் தட்டிய காலத்தில், "அப்படியே இரு" என்று சொல்லிக் குறித்துக்கொண்டவர் அப்பா.

இன்று விட்டுக்கொடுத்தால் அவர் ஆயுள் முழுக்கச் சொன்னது வெறும் ஆபீஸ் பேச்சாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்பாவின் ஆய்வுக்கூடத்து மெக்கானிக் வேனில் வந்திறங்கினான். போன் செய்து வரச்சொன்னதே அவள்தான். கைக்கு ஒன்றாக இரண்டு இருக்கைகள். அவள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பிளாஸ்டிக் வளைந்து வெளுத்திருந்தது.

"இது இடிச்ச சீட்டா?"

"ஒரே ஒரு தடவைதான் மேடம்..."

"ஒரு தடவை மோதினா குப்பைக்குத்தான்னு அப்பா சொன்னதில்லையா?"

"தினமும் சொல்வார். அவசரத்துல கைக்கு வந்தத தூக்கிட்டேன்." தலையைச் சொறிந்தான். "சார் இருந்தா தோலை உரிச்சிருப்பார்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "என் தம்பி செத்தும் ஆளை மிரட்டுறான் பாரு! போதும்டி. எல்லாரும் நடங்க."

"உங்க முட்டி?"

"அது என் முட்டி. உனக்கென்ன?"

ஊர்தி முன்னால் ஊர்ந்தது. வாண்டுகளில் சின்னது ஓடிப்போய் ஓட்டுநரைக் கேட்டது: "தாத்தாவுக்கு பெல்ட் போட்டிருக்கா?"

"ரெண்டு போட்டிருக்கேன் கண்ணு."

ஜன்னலில் தொங்கியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு காலத்தில் அவர் கழுத்துச் சுற்றளவு எடுத்த பையன்கள் இப்போது தாடியோடு நடந்தார்கள். பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தபோது மயான ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கதவைத் திறந்தார்.

அதன்பிறகு கொஞ்ச நாள் மகளுக்கும் மெக்கானிக்குக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தது தெரு. அவனோ யாரோ ஒரு பல் டாக்டரின் தங்கையைக் கட்டிக்கொண்டான். மகள் அப்பாவின் வேலையையே பிடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள்.

அவள் கிளம்பிய அன்று டாக்ஸியின் கதவைச் சாத்திய அத்தை, மறுபடி திறந்தாள். குனிந்து, அவள் தோளில் கிடந்த பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாத்தினாள்.