சூடில்லாத வெளிச்சம்

மாதவராஜ் மாமியார் வீட்டில் தானாக முன்வந்து செய்த முதல் வேலையில் மூன்று கோழிக்குஞ்சுகள் செத்துப்போயின.

கரண்ட்டை மிச்சம் பிடிக்கத்தான் நினைத்தான். தருமபுரியிலிருந்து ஒரு பை நிறைய எல்இடி பல்பு வாங்கி வந்து, இண்டூர் வீட்டில் கண்ணில் பட்ட குண்டு பல்புகளையெல்லாம் கழற்றிக் குப்பைக்குழியில் எறிந்தான். அவை வெடித்த சத்தம்கூட அவனுக்குப் பிடித்திருந்தது. கூடம், சமையல்கட்டு, கடைசியாக மாட்டுக்கொட்டாயில் இருந்த அட்டைப்பெட்டி. தாய்க்கோழியை நாய் தூக்கிப் போனதிலிருந்து, அந்தப் பெட்டிக்குள் தொங்கிய குண்டு பல்பின் சூட்டில்தான் குஞ்சுகள் பிழைத்துக் கிடந்தன. அது வெளிச்சத்துக்காக எரிகிறது என்று நினைத்த ஒரே ஆள் அந்த ஊரில் அவன்தான்.

மார்கழிப் பனி. காலையில் பெட்டி பளிச்சென்று இருந்தது. அந்த அருமையான வெளிச்சத்தில் மூன்று குஞ்சுகள் விறைத்துக் கிடப்பது தெளிவாகத் தெரிந்தது. மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின.

யாராவது நன்றாகத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வுடுங்க மாப்ளே, பனி ஜாஸ்தி" என்றார் மாமனார் சென்றாயன்.

"டிபன் ஆறுது, வாங்க" என்றாள் மனைவி அமுதவல்லி.

மாமியார் கோவிந்தம்மாள் மிச்சக் குஞ்சுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டார். எப்போதுமே அவனிடம் நேராகப் பேசமாட்டார். மருமகனுக்கு எதிரே நின்று பேசுவது அந்தக் குடும்பத்தில் மரியாதைக் குறைவு. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏன்டி, மாப்ள இன்னொரு தோசை வெச்சுக்கறாரான்னு கேளு" என்பார். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன், "போதும்னு சொல்லு" என்பான். முந்தின நாள் பல்பு மாற்றியபோதுகூட, "ஆசுபத்திரியாட்டம் இருக்குதுன்னு அவருகிட்ட சொல்லிராதடி" என்று அவனுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டதால், வேறு வீடு கிடைக்கும்வரை என்று அவனும் அமுதவல்லியும் இங்கே வந்தார்கள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. தண்ணிக்குடத்தைத் தொட்டால், "நீங்க உக்காருங்க மாப்ளே." பால் கேனைத் தூக்கினால், "ஐயோ, நீங்க உக்காருங்க." உட்கார்ந்து உட்கார்ந்து எதிர்ச்சுவரின் விரிசல்களெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எல்இடி மாட்டிய பிறகு புதிதாக நாலைந்து விரிசல் தெரிந்தது.

தனிவீடு போகலாமா என்று மாமனாரைக் கேட்டால், "போலாம், அதுக்கென்ன அவசரம்." மனைவியைக் கேட்டால், "அம்மா சரின்னா சரி." கதவுக்குப் பின்னாலிருந்து, "அவங்க இஷ்டம்னு சொல்லுடி." சொல்லாமல் கிளம்பினால், மாப்பிள்ளைக்கு என்ன குறை வைத்தோம் என்று அழுவார்கள். இருந்தால் மூச்சு முட்டியது. இப்போது தருமபுரியில் ஒரு வீடு காலியாகியிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று பார்த்துத்தான் குஞ்சுகளைக் கொன்றிருக்கிறான்.

லீவு போட்டுவிட்டுக் கலைவாணனின் எலெக்ட்ரிக் கடைக்குப் போனான்.

"குண்டு பல்பா? அதெல்லாம் யாருண்ணா இப்ப வாங்கறா? எல்இடி எடுத்துக்கங்க. கரண்ட் மிச்சம், வருசக்கணக்குல ஒழைக்கும்."

"சூடு வருமா?"

"சூடே வராதுண்ணா! அதான் அதோட பெருமையே."

விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடித்ததும், கலைவாணன் ஸ்டூல் போட்டு ஏறி, தன் குடோனில் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பையே கழற்றிக் கொடுத்தான். "எங்க வாங்கினீங்கன்னு வெளிய சொல்லிராதீங்க. எல்இடி கடைக்காரன் மானம் போயிரும்."

வீட்டுக்கு வந்தபோது அமுதவல்லி வேலைக்குப் போயிருந்தாள். மாமனார் வயலுக்கு. மாட்டுக்கொட்டாயில் கோவிந்தம்மாள் மட்டும், பக்கத்தில் ஒரு சட்டியில் தணல் வைத்து, குஞ்சுகளை மடியில் போட்டு முந்தானையால் மூடி உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் எழப் பார்த்தார். மடி நிறைய குஞ்சுகள், முடியவில்லை. மகளைத் தேடினார். மகள் இல்லை.

"பல்பு கெடச்சுதான்னு கேளு" என்றார் மாட்டிடம்.

"கெடச்சுதுன்னு சொல்லு" என்றான் இவனும் மாட்டிடம்.

மாடு அசைபோட்டது.

பல்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டான். மஞ்சள் வெளிச்சம். கையை நீட்டிச் சூடு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றான். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் விட, குஞ்சுகள் பல்புக்கு நேர் கீழே போய் ஒட்டிக்கொண்டன.

போன் அடித்தது. தருமபுரி வீட்டுக்காரர். "சார், இன்னொருத்தர் அட்வான்ஸோட வந்து நிக்கறாரு. வரீங்களா இல்லையா?"

"அஞ்சு நிமிசம் சார்."

போனை வைத்தான். மாட்டைப் பார்த்தான். இதை மாட்டின் வழியாகக் கேட்க முடியாது.

"அத்தை, என்கிட்டயே நேரா சொல்லுங்க. தர்மபுரியில ஒரு வூடு இருக்குது. நானும் அமுதாவும் போகட்டுங்களா, வேணாங்களா?"

கோவிந்தம்மாள் தலை நிமிர்ந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"போங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமுமில்ல. நீங்க எப்ப என்கிட்ட நேரா கேப்பீங்கன்னுதான் நானும் பாத்துட்டே இருந்தேன். கதவுக்குப் பின்னாலயே நின்னு நின்னு எனக்குக் கால் வுட்டுப்போச்சு மாப்ளே. என் வூட்டுக் கூடத்துல கால நீட்டி உக்காந்து ரெண்டு வருசம் ஆச்சு."