நாற்காலிக்காரி

நான் நாற்காலி வடிவமைக்கிறவள். அக்கா அதை உலகத்துக்குச் சொல்கிறவள். எனக்குப் பலகையோடு பழகத் தெரியும், மனிதர்களோடு பேச வராது. அக்காவோ விளம்பர ஆபீஸில் பல வருஷம் குப்பை கொட்டியவள். அந்த ஆபீஸை இழுத்து மூடியதும் என் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் கூப்பிடவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை.

ஒரே பலகையில் அறுத்து, ஆணியோ திருகோ இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி நிற்கிற நாற்காலி ஒன்றைச் செய்தேன். கழற்றினால் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம். பின்னங்காலில் என் பெயரைச் சூடு போட்டு எழுதியிருந்தேன். எங்கள் குடும்பத்திலேயே கனத்த ஆளான பெரியப்பாவை அதில் தொப்பென்று உட்காரவைத்து அக்கா வீடியோ எடுத்தாள். நாற்காலி அசையவில்லை, பெரியப்பாதான் வெலவெலத்துப் போனார். ஊரே வீடியோ போடுகிற தளம் ஒன்று உண்டே, அந்த வீடியோ கம்பெனியின் தளத்தில் அது பிய்த்துக்கொண்டு போனது.

அந்தச் சமயம் வீடியோ கம்பெனிக்கும், படங்களைப் பகிர்கிற தளம் நடத்தும் படக் கம்பெனிக்கும் ஏழாம் பொருத்தம். உலகத்தையே வளைத்துப் போட்ட இரண்டு பெரிய கம்பெனிகள், நடந்ததோ குழாயடிச் சண்டை. வீடியோ கம்பெனி தன் தளத்தில் ஏறுகிற எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் தன் முத்திரையைக் குத்திவிடும். அந்த முத்திரையோடு எது வந்தாலும் படக் கம்பெனி யார் கண்ணிலும் படாமல் அமுக்கிவிடும். அவர்கள் செயலியிலேயே எடுத்த வீடியோ என்பதால் முத்திரையில்லாத பிரதி எங்களிடம் கிடையாது. படக் கம்பெனியிலும் ஓடவேண்டுமென்று அக்கா அந்த மூலையை வெட்டினாள். பின்னங்கால் இருந்ததும் அந்த மூலையில்தான். முத்திரையோடு சேர்ந்து என் பெயரும் போயிற்று.

நான் சண்டை போட்டேன்.

"முதல்ல எல்லாரும் பார்க்கட்டும். பேரு எங்கடி ஓடிடப் போகுது?" என்றாள்.

பார்த்தார்கள். படக் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. தங்கள் தளத்தின் சிறந்த கலைஞர்கள் வரிசையில் என்னை நிறுத்துவார்களாம். ஆனால் எதிராளியின் தளத்தில் நான் தலைகாட்டக் கூடாதாம். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வீடியோ கம்பெனியில் இருந்த பக்கத்தை அடியோடு அழித்தாள். தலைகால் புரியாமல் ஆடினாள். நானும் கொஞ்சம் ஆடினேன், பொய் சொல்வானேன்.

பிறகு ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடை அதே நாற்காலியைத் தன் பெயர் போட்டுப் படக் கம்பெனியின் தளத்தில் விளம்பரம் செய்தது. புகார் கொடுத்தோம். மனிதர் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. பதில் மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. கடையின் படத்தில் பெயர் இருக்கிறது, என் படத்தில் இல்லை, ஆகவே திருடி நான். பக்கத்தைப் பூட்டி, முகப்பில் 'நகல்' என்று ஒட்டினார்கள். பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவர்களே முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா ஒருவர்தான், "உன் நாற்காலிதாம்மா, எனக்குத் தெரியாதா?" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன்.

என் பெயரும் தேதியும் அழித்த பக்கத்தில்தான் இருந்தன. அதை மீட்டுக் கொடுக்கச் சொல்லி அக்கா வெட்கமில்லாமல் வீடியோ கம்பெனியின் காலில் விழுந்தாள். அவர்கள் மறுக்கவில்லை. கேமராவோடு ஒரு பெண்ணை வீட்டுக்கே அனுப்பினார்கள். தேன் ஒழுகப் பேசினாள். படக் கம்பெனி என்னை நாசம் பண்ணியதை என் வாயால் சொன்னால் பக்கம் திரும்ப வந்துவிடுமாம்.

சொன்னேன், நடந்ததை நடந்தபடி. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"கொஞ்சம் அழுதீங்கன்னா நல்லா இருக்கும்."

எனக்குக் கோபம் வந்ததே தவிர அழுகை வரவில்லை. மறுபடி மறுபடி எடுத்தார்கள். மூக்கைச் சுருக்கிப் பார்த்தேன். தும்மல் வரப்போகிறவள் மாதிரி இருந்ததாம். கேமராவுக்குப் பின்னால் நின்ற அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பாவே நம்பலடி. எங்கயோ பார்த்துத்தான் செஞ்சிருப்பா, அவளுக்கு ஏது அவ்வளவு மூளைன்னு என்கிட்ட சொன்னாரு."

உடைந்துபோனேன். மூக்கு ஒழுக, குரல் கட்ட, கேமரா இருப்பதே மறந்து அழுதேன். கேமரா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. அந்தப் பெண் அக்காவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

வீடியோ காட்டுத்தீயாய்ப் பரவியது. நாற்காலியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. என் அழுகைக்குப் பாட்டுப் போட்டார்கள், என் முகத்தில் பூனை மீசை ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் இரண்டு கம்பெனிகளும் ராசியாகிவிட்டன. முதலாளிகள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நல்லெண்ணத்தின் அடையாளமாக என் வீடியோ நீக்கப்பட்டது. பக்கத்தை மீட்கிற பேச்சே இல்லை, அந்தப் பெண் போனை எடுப்பதுமில்லை. அக்காவை மட்டும் வீடியோ கம்பெனியில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அழவைக்கத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது போல.

அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன், அப்பா நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று.

"சேச்சே, அவரு எங்க சொன்னாரு? நீ வேற எதுக்கும் அழ மாட்டேங்கிறியே."

துணிகளை மடித்தபடியே சொன்னாள். ஓங்கி அறையக் கை துடித்தது. ஆனால் அதற்கு முன்னால் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிவிட்டது. அப்பா சொல்லவில்லை. எனக்கு அது போதும். நேராக அவர் அறைக்குப் போனேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யாரோ அனுப்பிவைத்த அந்த வீடியோவைச் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்துவைத்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவர்போல, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நீ தப்பு பண்ணலன்னா, எதுக்கும்மா அப்படி அழுத?"