துனு கடை நிறுத்தம்

தார் எஸ் சலாமின் தெருக்களைப் பொது வரைபடத்தில் ஏற்றுகிற தன்னார்வக் கூட்டத்தில் நான் பழம்பெருச்சாளி. எங்கள் பேட்டையின் சந்துபொந்தெல்லாம் கைப்பேசியும் கையுமாக நடந்து நடந்து நான் போட்டவை. அதில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு 'மாமரத்தடி' என்று எழுதியிருந்தேன். நேற்று முளைத்த ஹுஸ்னா அதை அழித்து 'துனு கடை' என்று போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றினேன். அவள் திரும்ப மாற்றினாள். நான் விடுவேனா?

துனு எனக்கு யாரென்று கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. என் கணவர் ஷோமரியின் இரண்டாவது மனைவி. அந்த நிறுத்தத்தில்தான் தேங்காய்ப்பால் ஊற்றி 'விடும்புவா' என்கிற அரிசிப் பணியாரம் சுட்டு விற்கிறாள். வாரத்தில் பாதி நாள் மனுஷனை எடுத்துக்கொண்டாள், சரி, தொலையட்டும். வரைபடத்திலும் அவள் பெயரா? என் பெயரில் இந்த ஊரில் ஒரு குப்பைத்தொட்டிகூடக் கிடையாதே!

"இது என்ன விளம்பரப் பலகையா? கடைக்காரி பேரையெல்லாம் வைக்கக் கூடாது. எங்க வீட்ல எல்லாரும் மாமரத்தடின்னுதான் சொல்றாங்க" என்று குழுவில் எழுதினேன். பொய்யில்லை. ஷோமரி அங்கே கிளம்பும்போது, "மாமரத்தடிக்குப் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வார். பிள்ளைகளும் அப்படியே.

எங்கள் கூட்டத்தில் பெயர்ச் சண்டை வந்தால் ஒரே வழிதான். சண்டை போடுகிற இருவரும் ஒரே டாலாடாலாவில் ஏற வேண்டும். அந்தச் சின்னப் பேருந்தில் இறங்குகிறவர்கள் எந்தப் பெயரைச் சொல்லி வண்டியை நிறுத்துகிறார்களோ, அதுதான் வரைபடத்துக்கும் பெயர்.

ஏறினோம். வெயில் கொளுத்தியது. அங்கே இறங்க ஆளே இல்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்க அசுமினிம்மா. வண்டி நின்னா நீங்க சொல்ற பேரையே வச்சுக்கலாம்" என்றாள் ஹுஸ்னா.

"மாமரத்தடி! இறக்கு!"

"அப்படி ஒரு ஸ்டாப்பே இந்த ரூட்ல இல்லையே தாயி. வண்டி மாறி ஏறிட்டீங்களா?" என்றான் நடத்துனர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"உனக்கு முந்தியே இந்த ரோட்டைப் பாத்தவ நான்! மாமரத்தடி!"

வண்டி நிற்கவில்லை. துனுவின் அடுப்புப் புகை ஜன்னலருகே வந்துவிட்டது. அடுத்த நிறுத்தம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் அங்கிருந்து திரும்பி நடக்கவா முடியும்?

"துனு கடை! துனு கடைல நிறுத்துடா, பாவி!"

பிரேக் கிறீச்சிட்டது. "அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" என்றான் அவன்.

இறங்கியதும் துனு கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா! வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க." சனியன், இன்னும் அழகாகத்தான் இருந்தாள்.

ஜெயித்த பிறகும் ஹுஸ்னாவுக்கு ஆறவில்லை. "இவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம். ஏங்க, இந்த ஸ்டாப்புக்கு என்ன பேரு?"

துனு என் முகத்தைப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலே தகரத்தில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"மாமரத்தடிங்க" என்றாள் மெதுவாக.

ஷோமரி சொல்கிற அதே பதமான குரல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் புருஷன், என் பிள்ளைகள், இதோ இவள், எல்லாருமாகச் சேர்ந்து என் மனசு நோகக் கூடாதென்று காப்பாற்றி வைத்திருந்த பெயர் அது. என் வாசலைத் தாண்டினால் செல்லாது. என் பொறாமையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இவள் எனக்கு இரக்கப்படுவதா?

"பொய் சொல்லாதடி!" என்று கத்தினேன். ஹுஸ்னாவின் கைப்பேசியைப் பிடுங்கி 'துனு கடை' என்று நானே எழுதிச் சேமித்தேன்.

சாயங்காலம் ஷோமரி செருப்பை மாட்டினார். "மாமரத்தடிக்குப் போய்ட்டு வரேன்."

"துனு கடைன்னு சொல்லிட்டுப் போங்க" என்றேன். "ஊரே அப்படித்தான் சொல்லுது."