நாற்பத்தோரு பேர் வேலை பார்த்த கடை

தையல்காரி ஒன்பதரைக்கே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டாள். பையில் தம்பி மகளின் சீருடைப் பாவாடை இருந்தது. காத்திருக்கும் நேரத்தில் ஓரம் மடித்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தாள். வாசல் காவலர் ஊசியையும் கத்தரியையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்.

"போகும்போது வாங்கிக்கங்க."

பத்து மணிக்குத் தம்பி வந்தான். அவன் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் ஷோரூமில் விற்பனையாளன். தவணையில் வாங்குகிறவருக்கு நிலையான வேலை இருந்தால்தான் கடன் கம்பெனி ஒப்புக்கொள்ளும். இல்லாதவர்களை எல்லாம் அவன் அக்காவின் தையல் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டான், காகிதத்தில் மட்டும். சம்பளச் சான்றை அவனே கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவருவான். அவள் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவாள். கம்பெனியிலிருந்து போன் வந்தால், "ஆமா சார், நம்மகிட்டதான் இருக்காங்க" என்பாள். மூன்று வருடம் ஓடியது. பாதிப் பேர் தவணையை நிறுத்தியதும் குட்டு வெளிப்பட்டது. காகிதங்களில் இருந்தது அவள் பெயர் மட்டும்.

"அக்கா, ஞாபகம் இருக்குல்ல? என் பேரு வந்தா வேலை போயிடும். முதல் தப்பு, அபராதத்தோட விட்டுருவாங்கன்னு வக்கீலே சொல்லிட்டாரு."

"எத்தன தடவைடா சொல்லுவ. எனக்கென்ன காது செவிடா?" பையிலிருந்த பாவாடையைத் தொட்டுக் காட்டி, "பாப்பாவுக்கு இடுப்பு ஒரு விரல் தளர்த்தியிருக்கேன். வளர்ற பொண்ணு" என்றாள்.

குற்றத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தாள், தண்டனைதான் பாக்கி. நீதிபதி அம்மாள் கோப்பைப் புரட்டினார்.

"உங்க கடையில எத்தன மிஷின் இருக்கு?"

"ஒண்ணுங்க."

"ஒரு மிஷின்ல நாற்பத்தோரு பேர் எப்படிம்மா தச்சாங்க? ஷிஃப்ட் போட்டா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கே சிரிப்பு வரப் பார்த்தது.

"இதெல்லாம் அடிச்சது யாரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் தம்பி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க."

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"கொஞ்சம்."

"வேற யாராவது சொல்லிச் செஞ்சிருந்தா இப்பவே சொல்லுங்க. தண்டனை குறைய வழியிருக்கு."

வக்கீல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். ஒரு ஷூவுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. தம்பி நிமிரவில்லை.

"யாரும் இல்லைங்க."

நீதிபதி எழுதி முடித்து வாசித்தார். ஒரு முறை செய்திருந்தால் முதல் தவறு. நாற்பத்தோரு முறை செய்ததை அப்படிக் கொள்ள முடியாது. அடித்தது யார் என்பதிலும் உண்மை சொன்னதாகத் தெரியவில்லை. அபராதம் போதாது. பதினெட்டு மாதம் சிறை.

"வக்கீல் சொன்னாரே" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

பெண் காவலர் முழங்கையைப் பிடித்ததும் பையையும் டோக்கனையும் தம்பியிடம் நீட்டினாள்.

"ஓரம் மடிக்கல. வெளிய குடுத்துத் தச்சுக்கோ. இடுப்புல மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லு."

அவன் தலையாட்டினான்.

வாசலில் காவலர் டோக்கனை வாங்கிக்கொண்டு நோட்டைத் தள்ளினார். பெயர், உறவு, கையெழுத்து என்று மூன்று கட்டங்கள்.

"குடுத்த அம்மா உள்ள போயிட்டாங்களா? உங்களுக்கு அவங்க யாரு?"

தம்பி சுற்றிலும் பார்த்தான். பிறகு உறவு என்ற கட்டத்தில் 'வாடிக்கையாளர்' என்று எழுதினான். காவலர் படித்துப் பார்க்காமலே ஊசியையும் கத்தரியையும் எடுத்து நீட்டினார்.