மேல் சுரத்தில் ஒரு பிசிறு

என் மாமனார் டென்னிஸ், கட்டிய பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, "நா வர்ல. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்றார். மாதா கோயில் தேருக்கு முன்னால் அவர் டிரம்பெட் ஊதாமல் ராயபுரம் ஒரு திருவிழாவும் பார்த்ததில்லை. சர்க்கரையில் முன்பல்லெல்லாம் போய்விட்டது. கட்டிய பல்லோடு ஊதினால் காற்றோடு பல்லும் வருகிறது. இது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

என் மனைவி பெர்சிஸ் சனிக்கிழமைகளில் ஓர் ஓட்டலில் ஜாஸ் பாடுகிறாள். பாட்டில் வார்த்தையே கிடையாது, வாயாலேயே வாத்தியச் சத்தம்தான். எவர்சில்வர் டம்ளரை வாயருகே வைத்து மூடித் திறந்தால் டிரம்பெட்தான். வீட்டிலும் அதே பழக்கம்; ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுக்கிற எனக்கு அது பேஜாரு. ஆனால் அது நின்றால் தூக்கம் கலைந்துவிடும். பேச வருவதற்கு முன்பே அப்பாவைக் கேட்டு வாயால் ஊதினவள். அவருக்குப் பல் போன அந்த வாரத்தில், சமைத்துக்கொண்டே அவருடைய தேர்ப் பாட்டை அப்படி இழுத்தாள். நக்கல் என்று நினைத்து மனுஷன் சாப்பிடவே வரவில்லை.

"நைனா, நீ டிரம்பெட்ட சும்மா புட்ச்சிகினு நட. நா மைக்குல ஊதறேன்" என்றாள் பெர்சிஸ்.

"பொம்ம மாரியா? எத்திராஜு பாத்தான்னா நாறடிச்சிருவான்."

எத்திராஜ் அதே தேர் பேண்டில் டிரம் அடிக்கிறவர், மாமாவின் தோஸ்து.

"அத்த நா பாத்துக்கறேன். பல்ல மாட்டு மொதல்ல. போட்டோ புடிப்பாங்க."

மாலையில் தேர் கிளம்பியது. ஸ்பீக்கர் கட்டிய மீன்பாடி வண்டியை நான் தள்ளினேன். என் பின்னால், பெண்கள் கூட்டத்துக்குள் முக்காடு போட்டுக்கொண்டு, மைக்கோடு பெர்சிஸ். முன்னால் மாமா வெள்ளை யூனிபார்மில், கன்னத்தை உப்பிக்கொண்டு. அவர் விரல் அழுத்துகிற இடத்தில் அவள் குரல் போய் உட்கார்ந்தது. மேல் சுரத்தில் அவருக்கு எப்போதும் லேசாகப் பிசிறும். அவள் அந்தப் பிசிறையும் விடவில்லை.

அதைக் கேட்டதும் மாமா திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் ஊதுகிற மாதிரி நடிக்க மறந்துவிட்டார். டிரம்பெட் வாயை விட்டு இடுப்புக்கு இறங்கியது. ஸ்பீக்கரில் சத்தம் நிற்கவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். எத்திராஜ் ஓங்கிய குச்சியோடு மாமாவைப் பார்த்தார், முக்காட்டைப் பார்த்தார். பெர்சிஸ் கண்ணை மூடிக்கொண்டாள், பாட்டை விடவில்லை.

"இன்னாடா டென்னிசு, பொண்ணு பட்டயக் கெளப்புது!" என்று கத்திவிட்டு எத்திராஜ் இன்னும் பலமாக அடித்தார்.

மாமா டிரம்பெட்டைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோகவில்லை. முன்பக்கம் திரும்பி நடந்தார். இடுப்பருகே தொங்கிய டிரம்பெட்டில் மூன்று விரல்கள் மட்டும் அழுத்திக்கொண்டே போயின.