வளையத்துக்குக் கீழே ஒரு காற்றுக்குமிழ்

வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைக்காரர் சனிக் கிரகத்தை வானத்திலிருந்து நகத்தால் உரித்தெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்று லேசாகக் காற்று அடித்தது, மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. நூலக மாடியில் இருக்கும் ஊர்ப் பொது வானோக்ககத்தில், அவருடைய கூடப்பிறந்த தங்கையின் கண் முன்னாலேயே இது நடந்தது. அந்த இடத்தை நடத்துகிறவரே தங்கைதான். பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஊருக்கு டெலஸ்கோப் டீச்சர்.

வானோக்ககம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கூரையை இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் பல்லைக் கூசவைக்கும் சத்தத்தோடு நகரும். நடுவில் தண்ணீர் டிரம் பருமனுக்குத் தொலைநோக்கி, ஏறிப் பார்க்க ஒரு முக்காலி. ஞாயிறுதோறும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வருகிற ஜனம் சும்மா பார்க்குமா? குழாயைக் கட்டிப்பிடிக்கும், ஆட்டும், கிரகம் நழுவிப் போனதும் "ஒண்ணும் தெரியலையே டீச்சர்" என்று அவரையே குறை சொல்லும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அவர் ஒரு சட்டம் போட்டார்: கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிய வேண்டும். நகராட்சித் தலைவரும் அப்படித்தான் குனிந்தார். அதைப் பார்க்கவே அன்று கூட்டம் வந்தது.

சட்டத்துக்கு அடங்காத இன்னொரு வியாதியும் ஊருக்கு இருந்தது. சனியைக் காட்டினால் பாதிப் பேர், "இது ஸ்டிக்கர்தானே டீச்சர்? உள்ள ஒட்டி வச்சிருக்கீங்க" என்பார்கள். வளையமும் தானுமாக, வெட்டி ஒட்டியதுபோல அது அவ்வளவு சுத்தமாக நிற்கும். அதுதான் அது செய்த குற்றம். டீச்சர் குழாயை நகர்த்திக் காட்டுவார், கண் வைக்கும் லென்ஸைக் கழற்றிக் காட்டுவார். அப்போதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, படியிறங்கும்போது "நல்லாத்தான் ஒட்டியிருக்காங்க" என்று பேசிக்கொண்டே போவார்கள்.

இந்தப் பேச்சின் ஊற்றுக்கண் நூலகத்துக்கு எதிர்க்கடையில் இருந்தது. அண்ணன் மாடிப்படி மிதித்ததே இல்லை; மிதிக்காமலே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். "வானத்துல இவ்வளவு நீட்டா ஒண்ணு இருக்குமா? ஸ்டிக்கரைப் பத்தி எனக்கே பாடமா?" தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, வயதாக ஆக இவர் முயலுக்கு அதுவும் குறைந்துகொண்டு வந்தது. ஞாயிறு மதியம் தங்கைக்கு அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. பல வருஷங்களாகச் சோற்றோடு இந்தச் சண்டையும் சேர்த்தே பரிமாறப்பட்டது. ஊர் நம்பாவிட்டால் போகட்டும். அண்ணன் ஒருமுறை வந்து பார்த்து "நிஜம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் டீச்சருக்கு. அப்பா போன பிறகு, வண்டி வண்டியாக ஸ்டிக்கர் ஒட்டித் தங்கையைப் படிக்கவைத்தவர் அவர்தான். படிக்கவைத்தவரே அந்தப் படிப்பைப் பொய் என்றால் எப்படி இருக்கும்? டீச்சருக்கு அது தீராத வருத்தம்.

கடைசியில் அண்ணியின் நச்சரிப்பு தாங்காமல் அந்த ஞாயிறு அண்ணன் மாடி ஏறினார். மூட்டுவலி, படிக்கு ஒரு குறை சொல்லிக்கொண்டே ஏறினார். அவர் வந்துவிட்ட சந்தோஷத்தில் டீச்சர் கையைக் கட்டச் சொல்ல மறந்துபோனார். அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஓரம் லேசா தூக்கியிருக்கு," என்றார் அண்ணன்.

ஓரம் தூக்கிய ஸ்டிக்கரைக் கண்டால் அந்தத் தொழில்காரர்களின் கை சும்மா இருக்காது. அதற்கென்றே கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருப்பார்கள். இவர் கண்ணை எடுக்காமலே குழாயின் திறந்த வாய்க்கு முன்னால் கையை நீட்டி ஒரு சுரண்டு சுரண்டினார். கடலைப்பருப்பு அளவில், கிழியாமல், வளையத்தோடு நகத்தின் மேல் வந்துவிட்டது.

"சொன்னேன்ல," என்றார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வெறும் கண்ணுக்கே தெரிகிற அந்த மஞ்சள் புள்ளி வானத்தில் இல்லை. தொலைநோக்கிக்கு மூடி போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

உலகத்தின் பெரிய வானோக்ககங்கள் முதலில் மேகத்தைக் குறை சொல்லின, பிறகு ஒன்றையொன்று குறை சொல்லின. நம் ஊருக்கு அந்தக் கவலை இல்லை. சனி, கடையில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மெழுகுத்தாளில் பத்திரமாக இருந்தது. வளையத்திலிருந்து பனித்தூள் உதிர்ந்து மேஜை எப்போதும் ஜில்லென்று இருந்ததால், பக்கத்துக் கடைக்காரர்கள் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதன் நிலாக்கள் பொடிப்பொடியாகச் சுற்றி வந்தன. கொசு என்று நினைத்து ஒன்றை அவர் அடிக்கக்கூடப் பார்த்தார். பள்ளி வேன் டிரைவர் தன் பின்கண்ணாடிக்கு அதைக் கேட்டார். "எல்லாரையும் சனி பிடிக்கும், இவரு சனியையே பிடிச்சு வச்சிருக்காரு," என்று முடிவெட்டுகிறவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். கடைக்காரர் ஜெயித்துவிட்டார், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் அடுத்த ஞாயிறு தங்கை சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மாடிக் கூரை திறக்கவில்லை. அண்ணன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து "ஸ்டிக்கர்தான்" என்று சொல்லிப் பார்த்தார். மறுத்துப் பேச ஆளில்லை. "அதான் ஜெயிச்சாச்சுல்ல, சாப்பிடுங்க," என்றார் அண்ணி. அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் மெழுகுத்தாளோடு வாசலில் போய் நின்றார்.

"இந்தா, வச்சுக்க."

"எனக்கு எதுக்குண்ணே? ஸ்டிக்கர்தானே."

"ஸ்டிக்கரா இருந்தாலும் உன்னோடதும்மா."

"என்னோடது இல்ல. எல்லாரோடதும். எடுத்த இடத்துல வைங்க."

"எடுத்த இடம் எனக்கு எப்படித் தெரியும்? அங்க கோடா போட்டிருக்கு?"

"எனக்குத் தெரியும்," என்றார் டீச்சர்.

உரிக்காமல் விட்டிருந்தால் சனி இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டு, இருட்டத் தொடங்கியதும் குழாயை அந்த வெற்றிடத்துக்குத் திருப்பினார். உலர்ந்த இடத்தில் ஒட்டினால் நகர்த்த முடியாது என்று அண்ணன் முதலில் வானத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். நூலக வாசலில் மட்டும் நுரை பெய்தது, செருப்பு விட்டிருந்தவர்கள் திட்டினார்கள். தங்கை லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு, "மேல, இன்னும் மேல, ஐயோ, இதுல எல்லாம் தலைகீழாத் தெரியும், கீழ," என்று சொல்லச் சொல்ல, அண்ணன் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவி ஒட்டினார்.

"ஒரு காத்துக்குமிழ் மாட்டிக்கிச்சு," என்றார் பிறகு, குரல் இறங்கி. "ஊசியால குத்தி எடுத்துடவா?"

"போதும்ணே. கையைக் கட்டுங்க."

அவர் கட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு தங்கை சாப்பிட வந்தார். சனியைப் பற்றி யாரும் பேசவில்லை. வளையத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் குமிழுக்குத் தூரதேசத்து அறிஞர்கள் பெயர் வைத்து, பாடப்புத்தகத்திலும் சேர்த்துவிட்டார்கள். டீச்சர் அதை வகுப்பில் அப்படியே நடத்துகிறார். அண்ணனுடைய கட்டைவிரல் நகம் மட்டும் இன்றுவரை ஜில்லென்றே இருக்கிறது.

கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு ஞாயிறு சாயங்காலங்களில் அவர் மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறார், வருகிறவர்களைக் கையைக் கட்டச் சொல்ல. போன வாரம் வேன் டிரைவர் முக்காலியில் ஏறிப் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கர்தானே இது?" என்றார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"ஸ்டிக்கர் எதுன்னு எனக்குத் தெரியாதா? இது நிஜம். வளையம் பூரா பனிக்கட்டி. தொட்டா ஜில்லுனு இருக்கும்."

டீச்சருக்கு வயிறு குளிர்ந்துபோனது. வேன் டிரைவர் இறங்கிக்கொள்ள, அடுத்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முக்காலியில் ஏறினார்.