இரண்டு கிலோ குறைகிறது

1

வலது தோள்பட்டை வலிக்கிறது. பதினெட்டு வயதிலிருந்து தேயிலைக் கொழுந்துச் சாக்கு சுமந்த தோள். பேனாவைத் தூக்கினாலும் இப்போது முனகுகிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. தோளைக் காட்ட மலையடி சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய், நூற்றுப் பதினேழாம் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். பெயர் முத்துப்பேச்சி. வயது நாற்பத்தாறு. எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். ரத்த வங்கியிலிருந்து அன்றைக்கோடு மூன்றாவது தடவையாக அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ரத்தம் கேட்டு வந்தவள் இல்லை. கொடுக்க வந்தவள்.

2

தொடக்கம் ஒன்று: "நீலக்கடல் நடுவே உதிர்ந்த முத்தைப்போல அந்தத் தீவு—"

(வேண்டாம். கடலை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டும் திருச்செந்தூரில், மொட்டைத் தலையோடு.)

தொடக்கம் இரண்டு: "இந்து அன்று மத்தியானம் டூட்டியில் இருந்தாள்."

இது நிற்கும்.

இந்து முத்துப்பேச்சியின் ஒரே மகள். நர்சிங் படித்து, கொச்சியில் விமானம் ஏறி, ஒரு குட்டித் தீவு நாட்டுக்கு வேலைக்குப் போனவள். அந்த நாட்டிலும் கடைக்கோடித் தீவு ஒன்றில் போட்டார்கள். மொத்தம் எண்ணூறு பேர். ஆறு கட்டில் போட்ட சர்க்கார் ஆஸ்பத்திரி, ஒரு டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகில் மூன்று மணி நேரம்.

அன்று கடல் கொந்தளித்துப் படகை இறக்கவிடவில்லை. அன்றைக்குத்தான், லீவில் வந்து புருஷனோடு இருந்துவிட்டுத் திரும்பியிருந்த இந்துவுக்குள், கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிட்ட கரு வெடித்தது. யாரோ ஒரு கிழவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் கட்டில் காலையே பிடித்தபடி சரிந்தாள். வயிற்றுக்குள் ரத்தம் இறங்குகிறது. அவளுக்கு ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காத ரத்தம். ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில்கூட இல்லை.

பள்ளிவாசல் மைக்கில் சொன்னார்கள்: "நம்ம நர்சுக்கு ரத்தம் வேணும்."

இருபது நிமிஷத்தில் நாற்பத்தொரு பேர் வந்து வரிசையில் நின்றார்கள்.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி வெளியே போய் நின்றேன். எங்கள் எஸ்டேட்டில் சம்பள நாளைத் தவிர அத்தனை பேர் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. அதுவும் வாங்க நின்ற வரிசை. ஐந்தாறு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். நாற்பத்தொன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்கவில்லை.)

வந்தவர்களில் ஒருவருக்குத்தான் பொருந்தியது. சூரை மீன் பிடிக்கிற மீன்காரர். கரையில் அலசிக்கொண்டிருந்த வலையை விட்டுவிட்டு ஈரக் கைலியோடு வந்திருந்தார். கையைப் பஞ்சால் துடைக்கும்போது மீன் செதில் ஒன்று மினுங்கியதை, பக்கத்துக் கட்டிலில் கண் செருகிக் கிடந்த இந்து பார்த்தாள். அந்த ஒரு பாட்டில் அவளைச் சாயங்காலம்வரை பிடித்து வைத்திருந்தது. கடல் இறங்கியதும் படகில் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இப்போதும் அதே தீவில்தான் வேலை.

3

இந்த மீன்காரர்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவன் கதையில் நிற்கமாட்டான். ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு வேண்டும். கதை எழுதுகிறவன் என்று சொல்லி, பெஞ்சிலேயே முத்துப்பேச்சியிடம் கேட்டிருந்தேன்.

"பதிலுக்கு ஏதாவது கேட்டிருப்பாரேம்மா?"

"கேட்டாரு அண்ணாச்சி."

"என்ன கேட்டாரு?"

"சாயா. குடுத்தாக. குடிச்சிட்டு வலையப் பாக்கப் போயிட்டாரு."

"அவ்வளவுதானா?"

"பெறவு எம்மக தேடிப்போயி காசு நீட்டிருக்கா. 'ஒங்க ஊர்லயும் ஆஸ்பத்திரி உண்டும்லா, அங்க யாருக்காச்சும் குடுங்க'ன்னாராம். அம்புட்டுத்தான். ஏன், நல்லவுகள வச்சு எழுதமாட்டீகளோ?"

"எழுதலாம். படிக்கிறவங்க நம்பமாட்டாங்க."

"நம்பாதவுகள எம்மகளுக்கு போன் போடச் சொல்லுங்க."

(மீன்காரரின் பெயரை இந்து சொல்லியிருக்கிறாள். அது முத்துப்பேச்சி நாக்கில் நிற்கவில்லை. நானாக ஒரு பெயர் வைக்க மனசு வரவில்லை.)

4

ரத்தம் கொடுக்க நாற்பத்தைந்து கிலோ வேண்டும். முதல் தடவை முத்துப்பேச்சி நாற்பத்திரண்டரை. இரண்டு மாதம் தினம் முட்டையும் நேந்திரம்பழமும் தின்று மறுபடி வந்தாள். நாற்பத்துமூன்று. மூன்றாவது தடவை அவளுக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கொழுந்தைக் கொஞ்சம் நனைத்துச் சாக்கில் அடைத்தால் தராசு கூட்டிக் காட்டும். தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. அன்று காலை ஓடையில் ஆறு கல் பொறுக்கிச் சேலை மடியில் கட்டிக்கொண்டு வந்து எடை மெஷினில் ஏறினாள்.

நாற்பத்தைந்தைத் தாண்டி முள் நின்றது. இறங்கும்போது ஒரு கல் 'டக்'கென்று விழுந்தது.

ரத்த வங்கியின் மலையாள சிஸ்டர் ரிஞ்சு குனிந்து எடுத்தாள். "சேச்சி, எந்தா இது?"

"கல்லு."

"எதுக்கு?"

"வெயிட்டுக்கு."

ரிஞ்சு சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முத்துப்பேச்சி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மீதி ஐந்து கல்லையும் வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"இது கொழுந்தில்ல சேச்சி, ரத்தமாக்கும். உங்க ரத்தம் நல்ல ரத்தம். உடம்புதான் போரா, காணாது. எடுத்தா இங்கயே விழும். அப்ப உங்களுக்கு யார் கொடுக்கும்?"

"இருவத்தாறு வருசமா தராசு எங்கிட்ட கழிச்சுத்தான் காட்டுது சிஸ்டரு. சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோ. ஒருநா கூட்டிக் காட்டுனா என்ன கொறஞ்சிரும்?"

ரிஞ்சு மேஜை டிராயரைத் திறந்தாள். கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினாள். முத்துப்பேச்சி அதை வாங்காமல், மேஜைமேல் கிடந்த ஆறு கல்லையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ரத்தம் குடுத்தவுகளுக்குள்ளது. எனக்கு எதுக்கு?"

5

இனி முடிவு.

ரிஞ்சு கண்டும் காணாமல் ஊசியை ஏற்றிவிட்டாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அப்படிச் செய்கிற ஆள் அவள் இல்லை.

மூன்று மாதத்தில் முத்துப்பேச்சிக்கு இரண்டு கிலோ ஏறியது என்றும் முடிக்கலாம். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மேடேறி இறங்குகிற கால்களில் சதை பிடித்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று எழுதத் தேவையே இல்லாமல் நடந்தது. பெஞ்சில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சொன்னேன்: "நான் குடுக்கேம்மா, ஒம் பேர்ல."

என் தோளைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"குடுங்க அண்ணாச்சி, நல்ல காரியம். ஆனா அது ஒங்க கணக்கு. எம்மக ஒடம்புல ஓடுததுக்கு நாந்தான குடுக்கணும்?"

நூற்றுப் பதினேழைக் கூப்பிட்டார்கள். அவளும் எழுந்தாள். ஆறு கல்லும் பைக்குள் கலகலத்தன. "ஓடையில எடுத்தது, ஓடையிலயே போட்டுருதேன்" என்று பஸ்ஸைப் பார்க்க நடந்தாள்.

ஆகவே இதற்கு முடிவு என்னிடம் இல்லை. மிச்சம் மட்டும் இருக்கிறது: முத்துப்பேச்சி, முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு, ஒரு பாட்டில் ரத்தம் தரவேண்டும். முன்னூற்றைம்பது மில்லி. இன்னும் தரவில்லை.